கோபம் எடுக்கிற அண்ணன்

பள்ளிக்கூடத்தில் ஒருவர் கணக்கு எடுப்பார், ஒருவர் வரலாறு எடுப்பார். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர்களுக்குக் கோபம் எடுப்பதற்கென்றே ஒரு அண்ணன் இருப்பார். வயது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். வாலிபர் ஐக்கியத்தை விட்டு வெளியே போகும் வயது வந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லப் பயம்.

இந்தப் பாடம் அவர் கைக்குப் போனதிலும் ஒரு நியாயம் உண்டு. ஜெபத்தைப் பற்றிப் பேச ஜெபிக்கிற ஆளைத் தேடுகிற சேகர குரு, கோபத்துக்கு மட்டும் அனுபவம் இல்லாத ஆளையா தேடுவார்?

பதினேழு வயதில் அப்படி ஒரு அண்ணனிடம் நானும் பாடம் கேட்டேன். மோசேயில்தான் தொடங்குவார். கன்மலையைப் பார்த்துப் பேசச் சொன்னால், மோசே கோலால் இரண்டு தரம் அடித்தார். நாற்பது வருஷம் ஜனங்களைக் கட்டி மேய்த்தவருக்குக் கானானில் கால் வைக்கக் கொடுத்து வைக்கவில்லை. “ரெண்டே அடி. கானான் போச்சு” என்று சொல்லி அண்ணன் மேஜையில் ரெண்டு அடி போடுவார். காணிக்கைப் பை ஒரு சாண் எம்பும். பின்வரிசையில் ஒருத்தன் சிரிப்பான். “என்னலே சிரிப்பு?” மூன்றாவது அடி மேஜையில் விழாது.

இயேசு பிடிபட்ட கெத்செமனே வந்தால் வகுப்பு களைகட்டும். காது வெட்டுப்பட்டதை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. வெட்டியவர் பேதுரு, வெட்டுப்பட்டவன் மல்குஸ் என்று பெயர் போட்டு எழுதியது யோவான். இயேசு காதைத் தொட்டுச் சுகமாக்கியதை எழுதியது லூக்கா மட்டும். வைத்தியராச்சே, காதை அப்படியே விட மனசு வருமா? பட்டயத்தை உறையில் போடு என்பதுதான் பாடம். எங்கள் சந்தேகம் வேறு.

“அண்ணே, வலது காதுன்னு போட்டிருக்கே. எதிர்த்தாப்ல நிக்கிறவனை வலது கைக்காரன் வெட்டினா இடது காதுலல்லா விழணும்?”

அண்ணன் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. ஒருத்தனை மல்குஸாக நிறுத்தி, பாமாலைப் புத்தகத்தைப் பட்டயமாகப் பிடித்து, முன்னாலிருந்து ஒரு தரம், பின்னாலிருந்து ஒரு தரம் வீசிப் பார்த்தார். பேதுரு இடது கைக்காரர், இல்லையென்றால் பின்னாலிருந்து வந்திருக்கிறார் என்று முடிவானது. சாந்த குணத்தைப் பற்றிய வகுப்பிலிருந்து அன்று நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது இதுதான். மல்குஸாக நின்றவன் கூடுதலாகச் சிவந்த காது ஒன்றையும் கொண்டுபோனான்.

தன் கோபத்தைப் பற்றி அண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு. அடுத்தவனுக்கு வருவது மாம்சத்தின் கோபம். தனக்கு வருவது பரிசுத்தக் கோபம். இயேசு தேவாலயத்தில் காசுக்காரர்களின் மேஜைகளைக் கவிழ்த்ததை ஆதாரமாகக் காட்டுவார். மைக்செட்காரர் தாமதமாக வந்தாலும், கேரல் ரவுண்ட்ஸில் வேன் தப்பான தெருவுக்குள் திரும்பினாலும் வருவது பரிசுத்தக் கோபமே. அது வரும்போது சட்டைக் கை தானாக மடங்கும்.

எபேசியர் 4:26 அவருக்கு மனப்பாடம். கோபம் வந்தாலும் பொழுது அடைவதற்குள் அதை விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். “ராத்திரி எட்டு மணிக்குச் சண்டை வந்தா என்ன செய்ய அண்ணே?” என்று ஒருத்தன் கேட்டான். “மறுநாள் பொழுது அடையிற வரைக்கும் டைம் இருக்குல்லா” என்றார், வங்கிக் கடனுக்குத் தவணை சொல்கிற மாதிரி.

ஆனாலும் சண்டை விலக்குவதில் எங்கள் பையன்களை மிஞ்ச ஆள் கிடையாது. அது வகுப்பில் படித்ததல்ல. அண்ணனைப் பிடித்துப் பிடித்துப் பழகியது. முன்னால் போய் மறிக்கக் கூடாது. முதல் அடி நமக்குத்தான். பின்னாலிருந்து அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்க வேண்டும். ஒருத்தன் அவர் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொருத்தன் எதிராளியிடம் ஓடிப்போய், “மாமா, நீங்க பெரியவங்க” என்று சொல்ல வேண்டும். பெரியவர் ஆகிவிட்ட பிறகு கை ஓங்க யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.

அந்த வருஷம் கோயிலில் அசன விருந்து நடந்தபோது திருமண்டலத் தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தோற்ற அணியைச் சேர்ந்த ஒரு மாமா பந்தியில் தன் இலையைக் காட்டி, “ஜெயிச்சவன் இலையில கறி விழுது, தோத்தவன் இலையில உருளைக்கிழங்கு விழுது” என்றார். குழம்பு வாளி அண்ணன் கையில் இருந்தது. அதை மெதுவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல், கீழே வைத்தார். கரண்டியை வைக்கவில்லை.

நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து ஓடினோம். அக்குள் என் பொறுப்பு. வாட்ச் கழன்றது. மாமா பெரியவர் ஆக்கப்பட்டார். அண்ணன் அப்படியும் அடங்கவில்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இரண்டு இலை தாண்டிவிட்டார். வேறு வழியில்லாமல் அவர் காதுக்குள், “அண்ணே, எபேசியர் நாலு இருபத்தாறு!” என்று கத்தினேன்.

துள்ளிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று நின்றது. கரண்டி தாழ்ந்தது. அண்ணன் பந்தலுக்கு வெளியே, மேற்கே பனைகளுக்கு மேல் நின்ற சூரியனைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“மணி என்னலே?”

வாட்ச் வைத்திருந்தவன், “அஞ்சே முக்கால் அண்ணே” என்றான்.

“இன்னும் அரை மணி நேரம் கிடக்குல்லா. விடுங்கலே.”