மேசை ரயிலுக்குப் பாலம் அமைக்கும் முறை: கொருக்குப்பேட்டைச் சான்றுகளின் வழி ஓர் ஆய்வு

மட்டமான பலகையில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டு முடித்தவருக்கு அடுத்த வாரமே பாலத்தின் மேல் ஆசை வந்துவிடுகிறது. கடையில் ஓர் இரும்புப் பாலத்தை வாங்கி வந்து நடுவில் செருகுகிறார். பாலத்துக்கு முன்னும் பிளைவுட், பின்னும் பிளைவுட், அடியிலும் பிளைவுட். அது எதைக் கடக்கிறது என்று வீட்டிலுள்ள குழந்தை கேட்டால் பதில் கிடையாது. மட்ட நிலத்தில் பாலம் பிறப்பது தண்டவாளத்தை உயர்த்துவதால் அன்று, அடியில் இருப்பதைத் தாழ்த்துவதால்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதற்குச் சான்று தேடி மலைநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, வடசென்னையின் கொருக்குப்பேட்டை போதும். கூடூர் போகும் பாதையும், தண்டையார்பேட்டை யார்டுக்கும் ராயபுரத்துக்கும் பிரியும் பாதைகளும் பின்னிக் கிடக்கும் கடலோரச் சமவெளி அது. அக்கம்பக்கத்தில் மலை என்று சொல்லத் தக்கது கொடுங்கையூர்க் குப்பைமேடு ஒன்றே.

முதலில் உயர்த்தும் கட்சியின் வாதத்தைக் கணக்கில் நிறுத்துப் பார்ப்போம். 87-க்கு 1 என்ற அளவில் செய்த ரயிலின் தலைக்கு மேலே இன்னொரு ரயில் போக ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். பொம்மை எஞ்சின் மூச்சுத் திணறாமல் ஏறக்கூடிய சரிவு நூற்றுக்கு இரண்டு. ஆக ஏறுவதற்கு 3.75 மீட்டர், இறங்குவதற்கும் அவ்வளவே, மொத்தம் 7.5 மீட்டர். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் ஓரத்தை ஒட்டி முழுச் சுற்று போட்டாலும் கிடைப்பது ஏறத்தாழ 6 மீட்டர். பாலத்திலிருந்து இறங்கி முடிப்பதற்குள் வண்டி மறுபடி ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். ‘ஊட்டி ரயில் 12-க்கு 1 என்ற சரிவிலேயே ஏறுகிறதே?’ என்பார்கள். ஏறுகிறதுதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நடுவில் பல்தண்டவாளம் இருப்பதால் ஏறுகிறது. கொருக்குப்பேட்டை வழியே போகும் எண்ணெய் டாங்கர் வண்டிக்குப் பல் கட்டுவது பல் மருத்துவருக்கும் கட்டுப்படியாகாது.

இனி நம் கட்சி. சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கியது 1806-இல். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது 1856 ஜூலை 1-இல். அதாவது பள்ளம் முந்தியது, தண்டவாளம் அரை நூற்றாண்டு பிந்தியது. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டியபின், ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் அதைக் கடக்கும் ரயில் மலை ஏறுவதில்லை, எண்ணூரைத் தாண்டிக் கழியைக் கடக்கும் ரயிலும் ஏறுவதில்லை. தண்டவாளம் தன் மட்டத்திலேயே போகிறது. தண்ணீர்தான் கீழே கிடக்கிறது.

மேசையில் இதைச் செய்வது எளிது. பலகை முழுவதும் இரண்டங்குலத் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் தண்டவாளத்தைப் போட்டு, கால்வாய்க்கு வேண்டிய இடத்தில் மட்டும் தெர்மாகோலை அறுத்தெடுக்க வேண்டும். சரிவு பூஜ்யம். ஊரையே உயர்த்துவது முறையா என்று கேட்பவர்கள் வடசென்னைத் தெருக்களைப் பார்க்கட்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே புதுத்தார் போட்டு, வாசற்படிகளைப் பள்ளத்துக்கு அனுப்பிய நுட்பம் இதுவே. ‘கொலுவில் கண்ணாடியை வைத்துக் குளம் காட்டுகிறோமே, அறுப்பானேன்?’ என்பது அடுத்த ஆட்சேபம். கண்ணாடி மின்விசிறியைக் காட்டும், பாலத்தின் அடிவயிற்றில் உள்ள கம்பெனி முத்திரையையும் காட்டும். பக்கிங்ஹாம் கால்வாய் எதையும் காட்டாது. கறுப்பு எனாமல் பெயின்டை இரண்டு கை பூசினால் அசலே வந்துவிடும்.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கொருக்குப்பேட்டை என்றாலே கேட்தான். கூட்ஸ் வண்டி கடக்கும்வரை பைக்கை அணைத்துவிட்டு நிற்பதும், சிலர் குனிந்து நுழைவதும்தான் ஊரின் உண்மை, அங்கே பாலம் பொய் என்பார்கள். கேட் இருக்கட்டும், அது கால்வாய்க்குப் போட்டியில்லை. கேட்டுக்கும் மாற்று வேண்டுமென்றால் ஏற வேண்டியது ரயில் அல்ல, சாலை. சாலைக்கு 20-க்கு 1 சரிவு தாங்கும். அதற்குக்கூட ஒரு பக்கத்துக்கு 1.5 மீட்டர் தேவைப்படும் என்றாலும், சாலை சுற்றி வந்து சேர வேண்டிய கட்டாயமில்லை. மேசையின் விளிம்பில் உயரமாகவே நுழைந்து உயரமாகவே வெளியேறலாம். மிச்சச் சரிவு பக்கத்து வீட்டில் இருப்பதாகக் கொள்க. சுரங்கப்பாதை தோண்டலாமே என்பவர்களுக்கு, மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையே மறுப்புரை. இங்கே எதைத் தோண்டினாலும் அது கடைசியில் கால்வாயாகிவிடும்.

பாம்பன் பாலத்தைச் செய்யத் துடிப்பவர்களும் உண்டு. 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 87-ஆல் வகுத்தாலும் 23 மீட்டரைத் தாண்டி, மேசை, கூடம், திண்ணை எல்லாம் கடந்து தெருவுக்குப் போய்விடும். கால்வாய்க்கு ஓரடி கர்டர் தாராளம். கால்வாய் என்றால் படகு வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி. கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்குப் படகு போவது நின்று எத்தனையோ காலமாயிற்று. ஆகவே படகுச் செலவு மிச்சம், அந்தக் காசில் பாலத்துக்கு இன்னொரு கண் வைக்கலாம்.