சப்ஜா விதை அடியில் தங்குதல்: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஓராள் பானங்கள், ஒரு பன்முக நோக்கு

இயல் 1: நுழைவாயில்

திருமங்கலத்தில் கிளம்பிக் கொல்லத்தில் போய் நிற்கும் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கத்திரி வெயிலில் இந்தத் தூரத்துக்குள் ஒருவர் ஒரு டம்ளரில் வாங்கி நின்றபடியே குடித்து முடிக்கும் பழப் பானங்கள் எவை, அவற்றுள் தலைக்கு ஏறுவன எவை, வயிற்றோடு நின்றுவிடுவன எவை என்பதே இவ்வாய்வு. இப்பொருள் பற்றி இதற்கு முன் எவரும் ஆராய்ந்ததில்லை. எல்லா ஆய்வேடுகளின் முதல் பக்கத்திலும் இவ்வாக்கியம் இருப்பதால் இங்கும் இருக்கிறது.

கால எல்லை, சப்பட்டை மாம்பழம் ராஜபாளையத்துத் தள்ளுவண்டிகளில் ஏறும் நாள் முதல் குற்றாலத்தில் சாரல் விழும் நாள் வரை. இட எல்லை, நிழல். ஜிகர்தண்டா மதுரைக்காரர் சொத்து, விலக்கப்பட்டது. ரோஸ்மில்க்கில் பழம் இல்லை, விலக்கப்பட்டது. கரும்பு பழமா என்று கேட்டதும் நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார், அவர் திறக்கும்வரை அதுவும் விலக்கப்பட்டது. சப்பட்டையைச் சாறு பிழியலாமா என்றால், கூடாது. (சான்று: ராஜபாளையத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றும் கேட்டுப் பார்க்கலாம், ஓடத் தயாராக நிற்கவும்.)

இயல் 2: சொல்லாராய்ச்சி

இவ்வியலை எழுதினால் ஐஸ் கரைந்துவிடும்.

இயல் 3: இலக்கணம்

ஓராள் பானம் என்பது யாது எனின், நூற்பா:

ஓராள் குடிப்பது ஓராட் பானம்;
பகுத்துக் குடிப்பினும் பானம் ஒன்றே.

நூற்பா நம்முடையது. உரையும் நம்முடையது. வேறொருவர் முந்திக்கொள்ளக் கூடாதே என்று மறுப்புரையையும் நாமே எழுதி வைத்திருக்கிறோம்.

உரை: ‘ஓராள்’ என்றமையால் ஒரே டம்ளரில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும் புதுமணத் தம்பதியர் விலக்கப்பட்டனர். ‘பகுத்து’ என்றமையால் ‘பை டூ’ கேட்பார் தழுவப்பட்டனர். ‘குடிப்பினும்’ என்ற உம்மையால் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு ஒரு வாய் கொடுத்தலும் கொள்க. குழந்தை முழுவதையும் குடித்துவிட்டால் என்ன எனின், அது புறனடை.

அளவு பற்றி ஒளவையார் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதியமான் இறந்தபோது பாடிய கையறுநிலையில் (புறநானூறு 235), கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அவன் தான் குடியாமல் தமக்குத் தந்துவிடுவான் என்றும், நிறையக் கிடைத்தால் தாம் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்றும் நினைத்து அழுகிறார். ஒருவருக்கு மட்டுமே போதுமான சரக்கு இருக்கும்போது அது யாருக்கு என்னும் சிக்கலை இவ்வளவு தெளிவாக அவிழ்த்த இடம் வேறில்லை. ஆயினும் நம் பேராசிரியர்கள் அப்பாட்டில் நட்பைப் பார்த்தார்கள், கொடையைப் பார்த்தார்கள், நிலையாமையைப் பார்த்தார்கள். அளவைப் பார்க்கவில்லை.

இயல் 4: தொன்மை

கலவைப் பானம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பார் உளர். மறுக்கிறோம். மாங்குடி கிழார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய பாட்டில் (புறநானூறு 24) செய்முறையே இருக்கிறது. கடற்கரைப் பெண்கள் பனங்குரும்பையின் நீர், கரும்பின் சாறு, இளநீர் மூன்றையும் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்கிறார்கள். அதே பாட்டில் பரதவர் காரமான கள்ளைக் குடித்துவிட்டுக் குரவை ஆடுகிறார்கள். ஒரே பாட்டில் இரண்டு பட்டியல், ஒன்று போதையோடு, ஒன்று போதையின்றி. இன்றைய நட்சத்திர ஓட்டல்கள் செய்வதும் இதுவே, விலை மட்டும் வேறு.

அடுத்து நாம் பாயப் போகிறோம். மாங்குடி என்றோர் ஊர் ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறது. புலவரின் ஊர் இதுவே என்று கொள்வாரும் உளர். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தும் பார்த்திருக்கிறது. பானை ஓடுகள் கிடைத்தன; சர்பத் கடை கிடைக்கவில்லை. கிடைக்காமை இல்லாமைக்குச் சான்றாகாது என்பது இன்று வலுவாக வேரூன்றிய ஆய்வு நெறியாதலால், உலகின் முதல் கலவைப் பானம் ராஜபாளையத்துக்குப் பேருந்து தொலைவில் பிறந்தது என்று நிறுவுகிறோம். அற்றேல், கடலே இல்லாத ஊர்ப் புலவர் கடலில் பாய்வதைக் கண்டது எங்ஙனம் எனின், கோடை விடுமுறைக்குப் போயிருப்பார்.

இந்த முடிவை ஸ்ரீவில்லிபுத்தூரார் ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். அரசு முத்திரையில் இருப்பது தங்கள் கோபுரமா மதுரை மேலைக் கோபுரமா என்ற வழக்கையே இன்னும் முடிக்காதவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று: பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, சர்பத்துக்கு யாருக்குமே கிடைக்கவில்லை. ஆனால் பால்கோவா தின்ற வாயோடு எலுமிச்சைச் சர்பத் குடிக்கலாமா, உள்ளே பால் திரியாதா என்ற அச்சம் அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக நிலவுகிறது. வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையானது. அது எலுமிச்சைக்காகக் காத்திருப்பதில்லை. இதைச் சொன்னால் பெரியவர்கள் “எங்களுக்குத் தெரியாததா?” என்பார்கள். அதோடு ஆய்வு முடிகிறது.

இயல் 5: செய்முறை

கண்ணாடி டம்ளர். அரை எலுமிச்சம்பழம், புளியங்குடிப் பக்கத்தது ஆயின் சிறப்பு. நன்னாரி சர்பத் இரண்டு பெரிய கரண்டி. கால் மணி நேரமாவது ஊறிய சப்ஜா ஒரு கரண்டி. உடைத்த ஐஸ். உப்பு, நகக்கண் அளவு. பிறகு தண்ணீரோ சோடாவோ. மேலே இன்னொரு டம்ளரைக் கவிழ்த்துக் குலுக்குதல் தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும். சோடாவைக் குலுக்கிய மாணவர் ஒருவர் ஆய்வை இடைநிறுத்திவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

சோடா எனின் கோலி சோடா. ஆங்கிலேயர் ஹைரம் காட் 1872-இல் உரிமை பெற்ற பாட்டில் அது. உள்ளே அடைபட்ட வாயு கோலிக்குண்டைக் கழுத்து வளையத்தின் மீது அழுத்தி மூடுகிறது. கட்டைவிரலால் உள்ளே தள்ளினால் திறக்கிறது. பிறந்த நாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட பொருள், நம் ஊரில் ஐஸ் பெட்டியில் கிடக்கிறது. சோடாத் துறையில் விருதுநகரின் பங்கும் பதியத்தக்கது. காளிமார்க் 1916-இல் அங்கேதான் தொடங்கியது. அதன் பவண்டோ பானம் திராட்சை மணம் வீசுவதால் அதையும் பழப் பானம் என்றே இவ்வட்டாரத்தார் கொள்வர். நாமும் கொண்டோம், இரண்டு பாட்டில்.

(இவ்வியலுக்கான முதன்மைச் சான்று: சர்பத் கடைப் பலகை, மேற்கு முகம், இரண்டாம் வரி. ‘நன்’ எஞ்சியுள்ளது, ‘னாரி’யை வெயில் தின்றது. பாடபேதம்: பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் இதை ‘நன்றி’ என்று படிக்கிறார்.)

இயல் 6: சப்ஜா

இனி நம் ஆய்வின் உயிர்நிலை.

திருநீற்றுப்பச்சிலையின் விதையாகிய சப்ஜா, தண்ணீர் பட்டதும் தன்னைச் சுற்றி வழுவழுப்பான உறை ஒன்றை ஊதிக்கொள்கிறது. அந்த உறை ஒன்றோடொன்று ஒட்டும், கண்ணாடியிலும் ஒட்டும். பானம் இருக்கும்வரை விதைகள் மிதந்தும் அலைந்தும் பண்போடு நடந்துகொள்ளும். கடைசி வாய்க்கு முந்தின வாயில்தான் குணம் மாறுகிறது. நீர் வாய்க்கு வந்துவிடுகிறது, விதை அடியில் தங்கிவிடுகிறது. (காண்க: டம்ளர், அடி.) இதை ‘அடித்தங்கல்’ எனப் பெயரிட்டோம். பெயரிட்டதனாலேயே பாதிப் புகழ் நமக்கு வந்தாக வேண்டும்.

அடித்தங்கலுக்குத் தீர்வு கூறுவோர் நால்வகையர்.

தட்டல் நெறியார் டம்ளரைக் கவிழ்த்துப் பின்புறத்தில் உள்ளங்கையால் தட்டுவர். முதல் தட்டுக்கு ஒன்றும் நிகழாது. இரண்டாம் தட்டுக்கும் நிகழாது. மூன்றாவதில் எல்லாமே ஒரு கட்டாக மூக்கில் வந்து விழும். இந்நெறியாரை மூக்கின் நுனி கொண்டு அறிக.

சுழற்றல் நெறியார் கால் டம்ளர் பானத்தை மிச்சம் வைத்து, மணிக்கட்டை வட்டமாக அசைத்து, விதைகள் கிளம்பும் கணத்தில் ஒரே மூச்சில் கவிழ்ப்பர். இதுவே சரியான முறை. நமக்கும் இதில்தான் நம்பிக்கை. ஆனால் தாகம் உள்ளவனால் கால் டம்ளரை மிச்சம் வைக்க முடியாது, தாகம் இல்லாதவன் சர்பத் கடைக்கு வர மாட்டான். ஆகவே இம்முறை கோட்பாட்டளவில் வெற்றி பெற்றது.

விரல் நெறியார் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுத இயலாது.

கைவிடல் நெறியார் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவர். இவர்கள் கார் வைத்திருப்பவர்கள். (பெஞ்சு உரை, வலக்கோடி. உரையாசிரியர் தென்காசிப் பேருந்து வந்ததும் பாதி வாக்கியத்தில் ஏறிவிட்டமையால், எஞ்சிய பாதி வாசுதேவநல்லூருக்கு அப்பால் எங்கோ சொல்லப்பட்டிருத்தல் வேண்டும். அப்பேருந்தின் நடத்துநரை அணுகினோம், அவர் டிக்கெட் எடுத்தால்தான் பேசுவேன் என்றார், எடுத்தோம், பேசவில்லை.)

நால்வரையும் மறுத்து நாம் கண்டது வருமாறு. அடித்தங்கல் ஒரு குறைபாடே அன்று. அது ஒரு கோரிக்கை. டம்ளரை நீட்டி, அடியைக் காட்டி, “அண்ணாச்சி, இதுல கொஞ்சம் ஊத்துங்க, விதை நிக்குது” என்று சொல்வதற்காகவே விதை நிற்கிறது. கொசுறு கேட்கக் கூச்சப்படும் ஒரு சமூகத்துக்குச் சப்ஜா காரணம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. எதிர்த்தரப்பும் விழிப்பாகவே இருக்கிறது. அண்ணாச்சி முகம் மாறாமல் ஊற்றுவார், பச்சைத் தண்ணீரை. கோரிக்கை ஏற்கப்பட்டது, நன்னாரி ஏற்கப்படவில்லை. விதை வாய்க்குள் வந்துவிடும், மறுபேச்சுக்கு இடமிருக்காது.

(இதற்கு மேலும் சான்று வேண்டுவோர் காண்க: ஐஸ்கட்டியைச் சுற்றிய சாக்கு, உட்புறம், ஈரப்பிரதி. பிரித்துப் பார்க்க முயன்றபோது ‘மூடு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் செவிவழி கிடைத்தது. இது ஏவலா, சாக்கின் பெயரா, ஆய்வாளரின் வாயைக் குறித்ததா என மூன்று கட்சி உண்டு. மூன்றையும் நாமே வெவ்வேறு கருத்தரங்குகளில் ஆதரித்துக் கட்டுரை வாசித்து, காசு கட்டி, ஐ.எஸ்.பி.என். எண் போட்ட தொகுப்புகளில் அச்சேற்றியிருக்கிறோம். பதவி உயர்வுக்கு மூன்றும் தனித்தனியே கணக்கில் வரும். வாசிப்பவர் எவரும் இல்லாததால் முரண்பாடும் இல்லை.)

இயல் 7: தலைக்கு ஏறுவன

பனைமரத்தில் பாளை சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் இறங்குவது கள். காற்றில் வரும் ஈஸ்ட், நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை உள்ள சாற்றைக் கண்டால் சும்மா இருக்காது. சுண்ணாம்பின் காரத்தன்மை அதை அடக்கி வைக்கிறது. போதைக்கும் போதையின்மைக்கும் இடையே நம் ஊரில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

அந்த ஒரு விரலுக்கு எத்தனை சட்டம்! 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அடுத்த ஆண்டே மாகாணத்தின் தலைமைக்கு வந்தவர் ராஜபாளையத்துப் பி.எஸ். குமாரசாமி ராஜா, காந்தியவாதி. 1971-இல் விலக்கு விலகியது, பிறகு வந்தது, பிறகு போனது. 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தமிழ்நாட்டில் குற்றம். பனையோ மாநில மரம். ஆகவே கள ஆய்வு செய்யலாம், கள் ஆய்வு செய்ய முடியாது. அதே நெடுஞ்சாலையில் புளியரை தாண்டிவிட்டால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. அங்கே ஆய்வுப் பயணம் போக நிதி கேட்டோம். ‘பொருள் பொருத்தமற்றது’ என்று திரும்பி வந்தது. பரிசீலனைக் குழுவில் இருந்த இருவர் மட்டும் கடை முகவரியைத் தனியே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

டாஸ்மாக்: 180 மில்லியும் ஒரு துண்டு மாங்காயும். மேலே ஆராய ஒன்றுமில்லை.

பதநீருக்கு வருவோம். பனையோலையைப் பட்டையாக மடித்து அதில் பொடியாய் நறுக்கிய மாங்காயையோ நுங்கையோ போட்டு மேலே பதநீரை ஊற்றித் தருவார்கள். மாங்காயின் புளிப்பு பதநீரின் இனிப்பை வெட்டும், ஓலையின் பச்சை வாசம் இரண்டையும் மூடும். இயல் 3-இன் இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்தும் பானம் இவ்வட்டாரத்தில் இது ஒன்றே. ஏனெனில் பட்டையைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் கவிழும். இரண்டு கையாலும் ஏந்தி, போன் வந்தால் எடுக்காமல், பக்கத்தில் நிற்பவருக்கும் நீட்டாமல், குடித்து முடித்தே ஆக வேண்டும். டம்ளர் இருவருக்கு இடம் தரும், பட்டை தராது. சப்ஜாவும் இல்லை, மாங்காய்த் துண்டு அடியில் தங்கினால் பட்டையை விரித்து எடுத்துத் தின்னலாம். விரல் நெறியார் இங்கே மட்டும் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

இயல் 8: வாய்மொழித் தேர்வு

ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. புறத்தேர்வாளர் நெறியாளரின் வகுப்புத் தோழர். நெறியாளர் அவருடைய மாணவருக்குப் புறத்தேர்வாளர். தேர்வை ராஜபாளையத்துச் சர்பத் கடை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் வேண்டினார். கடையில் குளிர்சாதன வசதி இல்லை என்று மறுக்கப்பட்டது. முதல் கேள்வி, ஆய்வுச் சிக்கல் யாது என்பது. இரண்டாம் கேள்வி, மதியச் சாப்பாடு எங்கே என்பது. மூன்றாம் கேள்வியைப் புறத்தேர்வாளர் காரில் ஏறும்போது கேட்டார், ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல பால்கோவா எந்தக் கடையில் என்று. ஆய்வாளர் பதில் சொல்லவில்லை. பொட்டலம் ஏற்கெனவே பின்சீட்டில் இருந்தது, இரண்டு கிலோ.