ஜீப் ஒழுகலியல்: மூலமும் உரையும்

பாயிரம்

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் ஏற வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் வழி. சுமார் 7,900 அடி உயரத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் பாறையையே பாதையாகக் கொண்டு ஏறியிறங்கும் அந்த ஜீப்புகளின் அடிவயிற்று எண்ணெய்க் கசிவை ஆராய்வது இந்நூல். வழி, 1941-ல் போருக்கென்று பிறந்த வில்லிஸ் ஜீப். எல்லை, முன் பம்பர் முதல் பின் கொக்கி வரை. யாப்பு, ஸ்பானர். கேட்போர், வண்டிக்கு அடியில் படுக்க அஞ்சாதார். பயன், மலையிலிருந்து பிரேக்கோடு இறங்குதல்.

நூற்பா 1

*வியர்வை சொட்டே ஒழுக்கென மூன்றாய்*
*அளவினிற் பகுப்பர் ஓட்டுநர் மரபினர்.*

உரை: கேஸ்கெட் ஓரத்தில் தூசி ஒட்டுமளவு ஈரம், வியர்வை. விடிந்தால் தரையில் காசளவு கறை, சொட்டு. கறையைப் பிடித்துக்கொண்டே வண்டி போன வழியைச் சொல்ல முடியுமானால், ஒழுக்கு. இனி, உரிமையாளர் மரபினர் கசிவைச் செலவால் பகுப்பர்: இப்போது பார்க்க வேண்டியது, அடுத்த சர்வீசில் பார்க்கலாம் என்பது, வண்டியை விற்கும்போது வாங்குபவர் பார்த்துக்கொள்வது. இரு பகுப்பும் பொருந்தா. ஏன் என்பது ஐந்தாம் நூற்பாவிற் கூறுதும்.

நூற்பா 2

*நிறமும் மணமும் பிசுக்கும் நோக்கி*
*எதன்நெய் இஃதெனத் தெளிக முதலே.*

உரை: வெள்ளை அட்டையை இரவில் வண்டிக்கடியில் விரித்து வைக்க. காலையில் கரியது கண்டால் டீசல் இன்ஜினின் ஆயில். தேன் நிறத்தில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் ஆக்சில் நடுவிலுள்ள கிரவுன் என்று பல வீட்டார் அதற்கு உரிமை கொண்டாடுவர். சக்கரத்தின் உட்புறம் நீர்போல் மெலிந்து, பெயின்டை உரிப்பது பிரேக் ஆயில். அது கண்ட அன்று வண்டி எடுக்கப்படாது. தண்ணீரோடு கலந்து பால்போல் வெளுத்த கியர் ஆயில், வண்டி ஆழமான ஓடையில் இறங்கியதற்குச் சாட்சி.

நூற்பா 3

*சொட்டிய இடமே தோன்றிய இடமெனக்*
*கொள்ளார், மேலும் முன்னும் தேடுவர்.*

உரை: எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் டேப்பெட் கவரில் பிறந்தது ஆயில் சம்ப்பின் பின்மூலையில் சொட்டும். பாவம், சம்ப் பேக்கிங் மாற்றப்படும், சொட்டு மாறாது. செய்யத்தக்கது: அடிப்பாகம் முழுவதையும் டீசல் அடித்துக் கழுவித் துடைத்து, ஐயமுள்ள இடங்களில் முகப்பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவந்து டார்ச் அடித்துப் பார்க்க. நனைந்தவற்றுள் மிக மேலும் மிக முன்னும் இருப்பதே பிறப்பிடம். கழுவாத வண்டியில் கசிவு கண்டேன் என்பார் சொல் ஏற்கப்படாது.

நூற்பா 4

*தேய்வும் இறுக்கமும் அடைப்பும் என்றாங்கு*
*ஏதுக்கள் மூன்றே, அவற்றுள் அடைப்பே*
*பலரும் அறியா ததுவென மொழிப.*

உரை: தேய்வாவது, ஆயில் சீலின் உதடு தேய்தல். உதடு மட்டுமன்றி அது உரசும் இரும்பும் தேயும். பினியன் ஃபிளாஞ்சில் நகம் சிக்குமளவு பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலும் அப்பள்ளத்தில் அமர்ந்து பழையபடியே ஒழுகும். மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றுக, அன்றி ஃபிளாஞ்சை மாற்றுக.

இறுக்கமாவது, ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கல். கார்க் பேக்கிங் பிதுங்கிப் பிளக்கும். தகட்டு மூடி வளையும். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுதலும் இதன்பாற் படும். உள்ளே பிதுங்கிய துணுக்கு ஆயில் ஸ்ட்ரெயினரை அடைத்தால், கசிவுக்குச் செய்த மருந்து இன்ஜினைக் கொல்லும்.

அடைப்பாவது, ஆக்சில் மேலுள்ள மூச்சுத்துளையாகிய பிரீதர் சேற்றால் மூடல். மலையேறும்போது கிரவுன் சூடாகும். உள்ளே காற்று விரியும். வெளியேற வழியின்றிச் சீலைத் தள்ளி எண்ணெயோடு வரும். சூடான ஆக்சில் ஓடையில் இறங்கியதும் காற்று சுருங்கி, அதே சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். புதுச் சீல் போட்டும் நிற்கவில்லை என்று கடையைத் திட்டுமுன் பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்க. இன்ஜினுக்கும் இஃதொக்கும்: ரிங் தேய்ந்த இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வரும், அந்த அழுத்தம் இருக்கும்வரை எந்தப் பேக்கிங்கும் நில்லாது.

நூற்பா 5

*தரைசேர் ஒழுக்குக் கடையே, கிளட்சினைச்*
*சேர்வது இடையே; பிரேக்கினைச் சேர்வது*
*தலையென மொழிப மலையிறங் கினரே.*

உரை: கசிவின் தரத்தை அளவு காட்டாது, எண்ணெய் போய்ச் சேரும் இடமே காட்டும். சம்ப்பிலிருந்து தரையில் விழுவது ஆயில் மட்டத்தைப் பார்த்துவருவார்க்குப் பொறுக்கலாம், ஓடைக்கரையில் நிறுத்தலாகாது. கிராங்கின் பின்சீலில் பிறந்து கிளட்ச் தட்டை நனைப்பது ஏற்றத்தில் வழுக்கும். கியர்பாக்ஸை இறக்கியே தீர வேண்டும். பின் ஆக்சில் சீலைத் தாண்டிய ஒரு கரண்டி கியர் ஆயில் பிரேக் டிரம்மில் புகுந்தால், ஒரு சக்கரம் பிடிக்கும், ஒன்று பிடிக்காது. கொண்டையூசி வளைவில் வண்டி ஒருபக்கம் இழுக்கும். போர்க்கால வில்லிஸில் ஹேண்ட்பிரேக் டிரம்மே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருந்தது. அங்கே சீல் போனால் ஹேண்ட்பிரேக்கும் போம்.

அஃதேல், நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாகாதோ எனின், ஆகாது. ஊறிய எண்ணெய் சூட்டில் மீண்டும் வெளிவரும். இருபுறமும் புதிது மாற்றுக.

புறனடை

*தானே நின்ற ஒழுக்கினை நம்பார்.*

உரை: கை வைக்காமலே கசிவு நின்றால் மகிழற்க. எண்ணெய் மட்டம் சீலுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே அதன் பொருளாதல் பெரும்பான்மை. சமதரையில் நிறுத்தி, கிரவுனின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிச் சுண்டுவிரலை நுழைத்துத் துளையின் கீழ்விளிம்பைத் தொடுக. விரல் நனையாவிடில், நனையும்வரை ஊற்றுக; பிறகு மூன்றாம் நூற்பாவிலிருந்து தொடங்குக.