குத்துக்கம்பி இயல்: மதுரை வீடுகளில் தொங்கும் ஆவணக் காப்பகம் குறித்து ஓர் ஆய்வு

மதுரையைப் பற்றி எழுதாதவர் இல்லை. கோயிலுக்கு நூல் உண்டு, மகாலுக்கு நூல் உண்டு, ஜிகர்தண்டாவுக்கே கட்டுரைகள் வந்துவிட்டன. ஆனால் இந்நகரத்து வீடுகளில் கதவுக்குப் பின்னால், தினசரி காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், தலைமுறை கடந்து தொங்கும் குத்துக்கம்பிக்கு ஓர் அடிக்குறிப்புகூடக் கிடையாது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை இங்கே நிறுவினார். அன்று தொட்டு இன்றுவரை எனக்குத் தெரிந்து எந்தப் புலவரும் இதன்மேல் கை வைக்கவில்லை. குத்திவிடும் என்று பயந்திருக்கலாம். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்காக முனைவர் பட்டம் எதையும் எதிர்பார்க்கவில்லை. கொடுத்தால் மறுக்கும் உத்தேசமும் இல்லை.

கம்பியாவது யாதோவெனின், முழ நீளத்துக்குச் சற்றுக் குறைந்த இரும்பு. மேல்முனை கொக்கிபோல் வளைந்து கூராக இருக்கும். கீழ்முனையில் ஒரு தடுப்பு. வீட்டுக்கு வரும் காகிதத்தை வாசித்து முடித்தவர் மேலிருந்து குத்தி இறக்கினால், அது வழுக்கிக்கொண்டு போய் முந்தைய காகிதத்தின் தலைமேல் உட்காரும். தொழில்நுட்பம் இவ்வளவே. பசை இல்லை, கத்தரி இல்லை, உறை இல்லை. கடையில் வாங்கினால் தடுப்பாக வட்டத் தகரமோ மரவில்லையோ இருக்கும். வாங்க மனமில்லாதவர்கள் பழைய சைக்கிளின் போக்ஸ் கம்பியை வளைத்தார்கள், இல்லையேல் ஓட்டைக் குடையின் கம்பியை. தடுப்புக்குக் கலர் பாட்டில் மூடியை ஆணியால் துளைத்துக் கோத்தார்கள். அந்த மூடி பெரும்பாலும் 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கினுடையதாகவே இருக்கும். கடை மேசையில் மரக்கட்டை மேல் நிமிர்ந்து நிற்குமே, அந்தக் கம்பி இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அது வியாபாரம், இது குடும்பம்.

அற்றேல், இக்கம்பி வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆபீஸ் சாமான் அன்றோ எனின், அன்று. பனையோலைச் சுவடியில் இரண்டு துளை உண்டு. ஒன்றில் கயிறு ஓடும். மற்றதில் ஏடுகள் கலையாமல் இருக்கச் செப்புக்கம்பியோ மூங்கில் குச்சியோ செருகுவார்கள். நாராசம் என்று அதற்குப் பெயர். செப்பேடுகளையும் வளையத்தில்தான் கோத்தார்கள். துளைத்துக் கோத்துத் தொங்கவிடுவது நம்முடைய பழைய புத்தி. லண்டன் நீதிமன்றங்களிலும் ஒரு காலத்தில் காகிதங்களை நூலில் கோத்தார்கள் என்று காட்டி மறுப்பாரும் உளர். அவர்களும் நாமும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தோம் என்று பெருந்தன்மையோடு விட்டுவிடலாம்.

மேற்கில் இந்த விவகாரம் வேறு திசையில் போய்விட்டது. குடும்ப நினைவுகளைத் தாளில் ஒட்டி வைக்கும் பழக்கம் அங்கே பெருகி, 1873இல் மார்க் ட்வெய்ன், அதே எழுத்தாளர்தான், தாளிலேயே முன்கூட்டிக் கோந்து தடவிய ஸ்க்ராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். நனைத்தால் ஒட்டிக்கொள்ளும். பசைக் கிண்ணத்தை ஒழித்தவர் என்ற வகையில் அவரை மதிக்கிறோம். ஆயினும் பசையையே ஒழித்தது யார் என்ற கேள்விக்கு விடை மதுரைத் தெற்குமாசி வீதி வீடுகளில்தான் இருக்கிறது. இன்று அதே ஸ்க்ராப்புக் பூப்போட்ட டேப்பும் ஜிகினா ஸ்டிக்கரும் ஓரம் வெட்டும் விசேஷக் கத்தரியுமாக நம் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதையே சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில், குறைந்த பொருளில் செய்வது எப்படி என்று வகுப்பும் நடக்கிறது. வகுப்புக்குக் கட்டணம் உண்டு. போக்ஸ் கம்பி பழைய இரும்புக் கடையில் சும்மாவே கிடைக்கும்.

இனி அடுக்கியல். 2015இல் கீழடியில் அகழாய்வு தொடங்கியது முதல் மதுரைவாசிகள் எல்லோருக்குமே அடுக்கு, குழி, படிவு போன்ற சொற்கள் வாய்க்கு வந்துவிட்டன. ஆகையால் விளக்கம் தேவையில்லை: கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. கீழடியில் பிற்காலத்தார் குழி தோண்டி அடுக்கைக் கலைத்திருக்க வாய்ப்புண்டு. கம்பியில் அதற்கும் வழியில்லை. அடியில் இருக்கும் எல்.ஐ.சி. ரசீது வேண்டுமென்றால் மேலுள்ள அத்தனையையும் கழற்றி, மடியில் வரிசையாக வைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்தே யாரும் எதையும் எடுப்பதில்லை. ஆவணப் பாதுகாப்புக்குச் சோம்பலைவிட உறுதியான பூட்டு கிடையாது.

தேதி இல்லாத காகிதத்தின் காலத்தைக் கணிப்பதற்கும் முறைகள் உள. முகவரியில் ‘மதராஸ் ஸ்டேட்’ இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. திண்டுக்கல்லுக்கு மதுரை மாவட்டம் என்று போட்டிருந்தால் 1985க்கு முன். பெரியகுளத்துக்கு அப்படிப் போட்டிருந்தால் 1996க்கு முன். பஸ் டிக்கெட்டில் ‘பாண்டியன்’ என்று இருந்தால் அது போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்கள், மன்னர்கள் பெயர் இருந்த காலம். 1997இல் எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அச்சடித்த பத்திரிகையில் லை, ணை எழுத்துகளுக்குத் தும்பிக்கை முளைத்திருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று துணியலாம். இந்த விதி கையெழுத்துக்குச் செல்லாது. அரசாணை வந்தும் எங்கள் அப்பத்தா கடைசிவரை தும்பிக்கையை விடவில்லை.

எல்லாக் காகிதமும் கம்பி ஏறிவிடாது. கல்யாணப் பத்திரிகை ஏறலாமா என்பதில் இரு கட்சி உண்டு. மூலையில் மஞ்சள் தடவியது, மேலே பிள்ளையாரோ மீனாட்சி கல்யாணமோ அச்சிட்டது. அதைக் குத்துவதா என்பது அப்பத்தாக்கள் கட்சி. ‘தேதி மறந்துபோனா நீயா ஞாபகப்படுத்துவ?’ என்பது தாத்தாக்கள் கட்சி. எங்கள் வீட்டில் ஏற்பட்ட சமரசம் இது: குத்தலாம், சாமி மேல் படக் கூடாது. கையில் பத்திரிகையோடு யார் கம்பியை நெருங்கினாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

“ஏய்யா, சாமி கண்ணுல குத்திராத.”

“ஓரத்துலதான் அப்பத்தா குத்துறேன்.”

“ஓரத்துல நந்தி இருக்கும், பாத்துக்க.”

ஆக, அக்காலத்துப் பத்திரிகைகளில் துளை விழுந்த இடம் பெரும்பாலும் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே, பங்காளிகளின் பெயரில்தான். இதில் உள்நோக்கம் இருந்ததா என்பதைப் பிற ஆய்வாளர்கள் தீர்மானிக்கட்டும்.

கருமாதிக் கடுதாசி மட்டும் ஒருபோதும் ஏறாது. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டார்கள். வாசலில் நின்றபடி தேதியைப் பார்த்துக்கொண்டு கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே கம்பியை மட்டும் நம்பி வரலாறு எழுதுகிறவனுக்கு இந்தக் குடும்பங்களில் யாருமே சாகவில்லை என்றுதான் தோன்றும். கூர்ந்து பார்த்தால் பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டுகள் அடுத்தடுத்து வரும், பிறகு மருந்துக்கடை பில், பிறகு ஓர் இடைவெளி, பிறகு சமையல்காரருக்கும் பந்தலுக்கும் கொடுத்த முன்பணக் கணக்கு. அதில் என்ன விசேஷம் என்று எழுதியிருக்காது. விசேஷமாக இருந்தால் எழுதியிருப்பார்கள். அடுத்த காகிதத்தில், அதுவரை தாத்தாவின் பேரில் வந்துகொண்டிருந்த வீட்டுவரி ரசீது அப்பாவின் பேருக்கு மாறியிருக்கும்.

கருமாதிக் கடுதாசி நீங்கலாக, கம்பிக்கு எதை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வே இல்லை என்பதுதான் இவ்வியலின் மையக் கருத்து. ஸ்க்ராப்புக் செய்கிறவர் உட்கார்ந்து யோசித்து, பிறந்தநாளையும் கொடைக்கானலையும் எடுத்து ஒட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். கம்பியிலோ வெங்காயம் இரண்டு கிலோ என்று தொடங்கும் மளிகைச் சீட்டு இருக்கிறது, பால் அட்டை இருக்கிறது, மாமாவிடம் கைமாத்து கேட்டதற்கு ‘நிற்க, இங்கும் பணமுடை’ என்று வந்த நீல இன்லாண்டு இருக்கிறது. கரண்டு பில்லின் பின்பக்கத்தில் ஒரு சிறுவன் தகப்பனாரின் கையெழுத்தை வரிசையாகப் போட்டுப் பழகியிருக்கிறான். கடைசி இரண்டும் அச்சு அசல். ராங்க் கார்டு எங்கும் கிடைக்கவில்லை. இதை எவரும் நினைவுக்கென்று வைக்கவில்லை. தூக்கிப் போடவில்லை, அவ்வளவே.

ஏன் தூக்கிப் போடவில்லை எனின், காகிதம் சரஸ்வதி. காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம், பிள்ளையார் சுழி போட்ட சீட்டைக் குப்பையில் போடுமா? பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்ற யூதக் கோயிலில் இதே சங்கடம் இருந்தது. கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்று ஓர் அறைக்குள் போட்டுப் போட்டு வைத்தார்கள். மதம் சாராத கணக்கும் கடிதமும் அதனோடு சேர்ந்து உள்ளே போயின. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்கு அள்ளிக்கொண்டு போனார். மலபார்க் கரையோடு மிளகு வாங்கி விற்றவர்களின் கடிதங்களெல்லாம் அதிலிருந்துதான் நமக்குக் கிடைத்தன. எறியக் கூசிய மனம் சேர்த்த அளவுக்கு, சேர்க்க வேண்டும் என்று நினைத்த மனம் எங்கும் சேர்த்ததில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மைதாப் பசை தடவிய ஆல்பம் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பீரோவின் இருட்டும் அதற்குப் பிடிக்கும். கம்பியில் இருப்பதோ காற்றும் வெளிச்சமும் படும் காய்ந்த காகிதம். கரையானுக்கு மண்பாதை வேண்டும். அந்தரத்தில் தொங்குவதற்கு அது பாதை போடுவது அரிது. நம் ஊர் வறட்சியும் ஒத்தாசை. ஒரே பகை துரு. துளையைச் சுற்றிக் காப்பிக்கறை நிறத்தில் ஒரு வளையம் விழும். அதையும் காகிதத்துக்குக் காலம் இட்ட பொட்டு என்று கொள்வதே ஆய்வு மரபு.

இவ்வளவு சிறந்த அமைப்பு ஏன் அழிகிறது? குற்றவாளி கம்பி அல்ல, காகிதம். இப்போது வருவது வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான பில். அக்னி நட்சத்திரத்தில் மதுரைச் சுவரோரம் தொங்கவிட்டால் சில மாதங்களில் எழுத்தெல்லாம் ஓடி வெறும் தாள் மிஞ்சுகிறது. ரேஷன் கடை 2017இல் ஸ்மார்ட் கார்டுக்கு மாறி, கணக்கு செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. கல்யாணப் பத்திரிகையோ பிளாஸ்டிக் பூச்சோடு, செங்கல் கனத்தில், பெட்டிக்குள் பெட்டியாக. அதைக் குத்தக் கம்பி போதாது, துளை மெஷின் வேண்டும். மொய் எழுதும் நோட்டு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்து ரசீது அடிக்கிறது. முன்பெல்லாம் எழுதுகிறவர் ‘இவர் நம்ம வீட்டுக்கு 51 செஞ்சவர்’ என்று ஓரத்தில் ஒரு வரி கிறுக்குவார். கம்ப்யூட்டருக்கு ஓரம் கிடையாது.

முடிவாக, எங்கள் வீட்டுக் கம்பியில் எழுந்துள்ள ஒரு சிக்கலை அறிஞர் உலகின் முன் வைக்கிறேன். நடு அடுக்கில் புதுமண்டபத்துத் தையல்காரர் ஒருவரின் ரசீது இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் யாளித் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடிய காலத்துச் சீட்டு. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சீட்டின் மூலையில், அளவு மாறிப்போகாமல் இருக்க வெட்டிக் குத்திய ரவிக்கைத் துணித் துண்டு, கட்டைவிரல் நகம் அளவு. மயில்கழுத்து நிறம். வெளிப்பக்கம் வெளுத்து, குண்டூசிக்கு அடியில் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. சீட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் துணி தருவார்கள் என்பது தையல்கடை நியதி. சீட்டு கம்பியில் இருக்கிறது. அப்படியானால் ரவிக்கை எங்கே?

பெரிய அத்தையைக் கேட்டேன். “என் வளைகாப்புக்குத் தைக்கக் குடுத்தது அது. ஒங்கப்பன்ட்டதான் சீட்டக் குடுத்து வாங்கிட்டு வாடான்னு அனுப்புனேன். கட மூடிட்டாய்ங்கன்னு வந்து நின்னான். நான் பழைய ரவிக்கையத்தான் போட்டு ஒக்காந்தேன்.”

அப்பா இதை மறுக்கிறார். சீட்டு தொலைந்துபோய், கடைக்காரரிடம் மல்லுக்கட்டி, சீட்டு இல்லாமலே ரவிக்கையை வாங்கி வந்து கொடுத்ததாகவும், சீட்டு பிறகு சட்டைப் பையில் அகப்பட்டதாகவும், அத்தைக்கு ஞாபகம் தப்பிவிட்டதாகவும் சொல்கிறார்.

வாய்மொழிச் சான்றுகள் முரண்படும்போது அடுக்கையே நாட வேண்டும். ரசீதுக்கு நேர்மேலே, இடையில் வேறெந்தத் தாளும் இல்லாமல், ஒரு தங்கம் தியேட்டர் டிக்கெட் குத்தப்பட்டிருக்கிறது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்து, ஆசியாவிலேயே பெரிசு என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்ட அதே தங்கம். டிக்கெட் மாலைக் காட்சி. புதுமண்டபத்துக்குப் போய் வரிசையில் நின்றவர் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

டிக்கெட் தன் நண்பருடையது என்று அப்பா இப்போது சொல்கிறார். நண்பரின் டிக்கெட் நம் வீட்டுக் கம்பிக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மேலாய்வுக்காக அத்தை வீட்டுக் கம்பியையும் பார்வையிட அனுமதி கேட்டிருக்கிறேன். அத்தை சம்மதித்துவிட்டார், அப்பா ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்.