120 கிலோமீட்டர் கல்யாணம்

என் மச்சானுக்குப் பணத்தை ரூபாயில் எண்ண வராது. மீட்டரில்தான் எண்ணுவார். சோமனூரில் பன்னிரண்டு தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவர். பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பது. நெய்த துணியும் அவருக்கே போய்ச் சேரும். நடுவில் தறியும் அதன் சத்தமும் மட்டும் மச்சானுக்குச் சொந்தம். கூலி, ரகத்துக்குத் தகுந்தபடி மீட்டருக்குச் சில ரூபாய். கணக்குக்கு வசதியாக அஞ்சு ரூபாய் என்று வைத்துக்கொண்டு, கடையில் விற்கிற எதையும் அஞ்சால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். பேக்கரி டீ மூன்று மீட்டர். என் செருப்பைப் பார்த்து ஒருமுறை "நூறு மீட்டரைக் கால்ல போட்டுட்டுச் சுத்தறீங்களே மாப்ளே" என்றார்.

அவர் மகள் பாப்பாவுக்கு 2025 தை மாதத்தில் அன்னூர்ப் பக்கம் இடம் அமைந்தது. உப்புச் சர்க்கரை மாற்றி முடித்த அன்றைக்கே, தாய்மாமன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆறு லட்சத்துக்குள்ள முடிக்கோணும் மாப்ளே. ஆனாப் பாக்கறதுக்கு லட்சணமா இருக்கோணும். ஆறு லட்சம்னா லட்சத்து இருவதாயிரம் மீட்டருங்க. நூத்தி இருவது கிலோமீட்டர். கருமத்தம்பட்டில முனையப் புடிச்சு பைபாஸ்ல விரிச்சுட்டுப் போனா சங்ககிரியைத் தாண்டிரும்."

"சேலம் போகாமப் பாத்துக்கங்க" என்றாள் அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

மார்ச்சில் தறி நின்றது. கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டம் முழுக்க விசைத்தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு மாதம்போல ஊரே நிசப்தம். சத்தம் இல்லாமல் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. ஏப்ரலில் பேச்சுவார்த்தை முடிந்து சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று கூலி ஏறியது. ஊர் பட்டாசு வெடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மச்சான் கால்குலேட்டரோடு வந்தார். "பாத்தீங்களா மாப்ளே, கண்ணாலம் நூத்திநாலு கிலோமீட்டராக் கொறஞ்சு போச்சு!"

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பாப்பா ஒரு யோசனை சொன்னாள். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த சட்டத்தின்படி, உறவும் நட்பும் பார்க்க இருவரும் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். ரெண்டு மாலை, ஒரு பதிவுக் கட்டணம், முடிந்தது. மச்சான் முகம் மலர்ந்தது. கூலி ஏறியும் பழைய பழக்கத்தில் மனசுக்குள் அஞ்சாலேயே வகுத்துக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு மாலை போட்டாக் கண்ணாலம் ஆயிரும் கண்ணு. ஒறம்பரைக்கு யாரு பதில் சொல்றது?"

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் சிக்கனம் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு செலவுக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறார். மேளத்தை விடலாம் என்றால் மேளக்காரரை ஏற்பாடு செய்த சித்தப்பா நிற்பார். பூவைக் குறைக்கலாம் என்றால் சத்தியமங்கலத்து மல்லிகையோடு பெரியம்மா மகன் நிற்பார், அதுவும் முகூர்த்த நாள் விலையில். உரிமை கொண்டாட ஆள் இல்லாத செலவு எது என்று பட்டியல் முழுக்கத் தேடிப் பார்த்தோம். ஐஸ்கிரீம் ஒன்றுதான் கிடைத்தது. அதை வெட்டினோம். பிறகு குழந்தைகள் வந்து கேட்டன.

வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் அச்சுக்கூலி மிச்சம் என்றேன் நான். அப்படி அழைத்தால் வாட்ஸ்அப்பிலேயே வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள் என்றாள் அக்கா. நேரில் போய், வெற்றிலை பாக்குத் தட்டு நீட்டி, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியவர்கள் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். பெட்ரோல் செலவு அச்சுக்கூலியைச் சுலபமாகத் தாண்டியது. போன வீடெல்லாம் காப்பி கொடுத்ததை மச்சான் வரவில் எழுதிக்கொண்டார், மூன்று மீட்டர் வீதம்.

மண்டபம் தனிக் கதை. ஒன்றரை நாள் வாடகை, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கரண்டுக்கு மீட்டர் பார்த்துத் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, குப்பை அள்ளத் தனி. மச்சான் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட், 2023லருந்து தறிக்குக் கவருமெண்டு சும்மா குடுக்குது. கண்ணாலத்தைத் தறிக்கூடத்துலயே வெச்சுட்டா கரண்டு மிச்சமுங்களே?" அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மணமேடைக்கு எந்தத் தறியை நகர்த்துவது என்று வரைக்கும் போய்விட்டார்.

ஆடியில் வைத்தால் மண்டபம் பாதி வாடகைக்கு வரும். புரட்டாசியிலும் மார்கழியிலும் கூப்பிட்டே கொடுப்பார்கள். நல்ல மாதம் பார்க்கிற பழக்கம் மட்டும் நமக்கு இல்லாதிருந்தால் தமிழ்நாட்டில் பாதிக் கடன் இருக்காது. ஆவணியில் ஒரு நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தோம். அப்புறம் மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் இன்னொரு நாளைச் சொன்னார். அன்றைக்கு அந்த மண்டபம் இல்லை. அட்வான்ஸும் இல்லை என்றார்கள். இத்தனைக்கும் பக்கத்து அவிநாசியில்தான் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடித் திரும்ப வரவழைத்தார். அதே சுந்தரர் இந்த மண்டப ஆபீசுக்கு வந்து பாடியிருந்தால் ரசீது கேட்டிருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சென்னையில் 1995 செப்டம்பரில் நடந்த ஒரு கல்யாண விருந்தில் ஒன்றரை லட்சம் பேர் கலந்துகொண்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அக்காவின் முதல் பட்டியலைப் பார்த்தபோது அந்தச் சாதனைக்கு ஆபத்து என்று நினைத்தேன். அடித்துத் திருத்தி எண்ணூறு இலைக்குக் கொண்டுவந்தோம். சமையல்காரர் கொடுத்த பட்டியலில் பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், ருமாலி ரொட்டி என்று பாதி பஞ்சாபில் இருந்தது.

"இதெல்லாம் வேண்டாமுங்க. நம்மூர்ச் சாப்பாடே போடுங்க" என்றாள் பாப்பா. சந்தகை, தேங்காய்ப்பால், அரிசிம்பருப்புச் சாதம், பச்சைப்புளி ரசம், ஒப்புட்டு. எனக்கு மெய்சிலிர்த்தது. செலவும் குறையும், பண்பாடும் பிழைக்கும்.

சமையல்காரர் எங்களைப் புதிய மரியாதையோடு பார்த்தார். "ஓ, பாரம்பரிய மெனுவுங்களா? அப்ப இலைக்கு நாப்பது ரூவா சேத்தி ஆகுமுங்க. சந்தகை லைவ் கவுண்டரு. மண்சட்டி செட்டிங் நம்முளுதே."

"எட்டு மீட்டர்" என்றார் மச்சான் சன்னமாக.

என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். விஷயத்தை உரக்கச் சொன்னோம். "காய் வாங்கக் காசில்லாதன்னைக்கு ஆக்கற சோத்துக்கு நாப்பது ரூவாயா?" என்று கேட்டுவிட்டு நேராகச் சமையல்காரரிடம் திரும்பினாள். "நீ எந்தூரு சாமி?" அவர் ஊரைச் சொன்னார். அங்கே யார் வீடு என்றாள். அவர் அப்பனைப் பெற்ற ஆத்தாளும் அம்மாவும் சூலூர்ச் சந்தைக்கு ஒன்றாக நடந்து போனவர்கள் என்று தெரிந்தது. அதன்பிறகு பாரம்பரியம் பழைய விலைக்கே வந்தது. பந்தியன்றைக்கு இளசுகள் பன்னீர் எங்கே என்று தேடினார்கள். பெரிசுகள் சந்தகைக்கு மூன்றாவது தடவை கை நீட்டினார்கள்.

போட்டோக்காரர் ஒன்றரை லட்சம் கேட்டார். ட்ரோன் உண்டு. முப்பது கிலோமீட்டர். "சோமனூர்லருந்து கோயமுத்தூருக்கே போயிரலாமுங்களே" என்று மச்சான் திணறினார். வெறும் கேமராவுக்கு இறக்கிக்கொண்டோம். சோமனூரை மேலிருந்து எடுத்தால் சிமெண்டு ஓடுகளும் தண்ணீர் டேங்குகளும்தான் தெரியும் என்று நான் விளக்கியதில் ட்ரோன் போனது. கல்யாணத்துக்கு முந்தின போட்டோவை வால்பாறையில் எடுக்கணும் என்றார் போட்டோக்காரர். தறிக்கூடத்தில் எடுத்தால் சும்மா என்றோம். வந்து பார்த்தவர் சொக்கிப் போனார். வெளிச்சம் அப்படி விழுகிறது, சுவர் இப்படி உதிர்ந்திருக்கிறது, இதுக்கெல்லாம் மெட்ராஸில் செட் போடுகிறார்கள் என்றார். மச்சான் வாடகை கேட்கலாமா என்று என் காதில் கிசுகிசுத்தார். பன்னிரண்டு தறியும் ஓட, இருவரையும் நடுவில் நிற்கவைத்து எடுத்தார்கள். யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. படங்கள் வந்த பிறகுதான் பார்த்தோம்: பறந்த பஞ்சு இருவர் தலையிலும் படிந்து, அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்ததுபோல நரைத்திருந்தார்கள். பாப்பா மட்டும் அதில் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள்.

தங்கத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, பேசினால் ஏறும். நிச்சயம் பண்ணின தையில் பவுன் 60,000 தாண்டியது. ஆவணியில் 75,000க்கு மேல் வாங்கினோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசாங்கம் கொடுத்துவந்த தாலித் தங்கமும் இப்போது கிடையாது. 2022இல் அதை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்தான் என்று நான் சொன்னதை மச்சான் கேட்காததுபோல் இருந்தார். அக்டோபரில் பவுன் 90,000 தொட்டபோது மட்டும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் கல்யாணத்தில் மிச்சமான பெரிய தொகை அதுதான், வாங்கித் தொலைத்ததால் மிச்சமானது.

காசே ஆகாமல் அழகாக நடந்தவை சீர்கள். இணைச்சீருக்கு மாப்பிள்ளையின் தங்கை வந்து நின்றாள். மங்கல வாழ்த்தைக் கம்பர் பாடிக் கொடுத்ததாகக் கொங்கில் சொல்வார்கள். அதைப் பாடிய பெரியவர் மைக் வேண்டாம் என்றுவிட்டார். மைக் வாடகை போச்சே என்று ரேடியோசெட்காரர்தான் வருத்தப்பட்டார். வெற்றிலை, அரிசி, அருகம்புல், மஞ்சள், சொம்புத் தண்ணீர் எல்லாம் சேர்த்து இருபது மீட்டருக்குள் அடங்கியது. நடத்திவைத்த அருமைக்காரருக்கு எண்பது வயதுக்கு மேல். கேமராக்காரப் பையன் "தாத்தா, அருகம்புல் தூவினது சரியா விழலை, இன்னொருக்கா" என்றான். "இன்னொருக்கான்னா இன்னொரு கண்ணாலந்தான் பண்ணோணும்" என்றார் அவர்.

மேடை அலங்காரத்துக்கு வருகிறேன். எண்பதாயிரம் கேட்டார்கள், பதினாறு கிலோமீட்டர். பாப்பா போனில் ஒரு படம் காட்டினாள். வெளுக்காத வெள்ளைத் துணியை மேலிருந்து அலையலையாகத் தொங்கவிட்டு, நடுநடுவே பச்சை இலை. வேறொன்றும் இல்லை. பணக்காரர்கள் இப்போது இப்படித்தான் செய்கிறார்களாம். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அட, இது நம்ம காடாத் துணியுங்களே!"

ஆனால் வீடு நிறையக் காடா கிடந்தும் அதில் ஒரு முழம் அவருடையது இல்லை. தான் நெய்த துணியைத் தானே விலைக்கு வாங்க ஜவுளிக்காரரிடம் போனார். ஜவுளிக்காரர் நல்ல மனுஷர். "உனக்கு நான் விலை போடறதா? நூறு மீட்டர் எடுத்துட்டுப் போ. என்ற மொய்யா எழுதிக்க" என்றார். தென்னங்குருத்தும் வேப்பங்கொத்தும் வைத்துக் கட்டியதும் மேடையைப் பார்த்து அன்னூர்ச்சனம் எங்கே ஆர்டர் கொடுத்தீர்கள் என்று கேட்டது.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக வைத்து லட்சக்கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கல்யாணத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு வாத்தியார். அந்த வாத்தியார் ஜவுளிக்காரர் பெயருக்கு நேரே ரூபாய்க் கட்டத்தில் 100 என்று எழுதி, ஓரத்தில் பொடியாக "மீ" என்று போட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் கண்ணுக்கு நூறு மட்டும் தெரிந்தது. பந்தி முடிவதற்குள், அத்தனை பெரிய ஜவுளிக்காரர் நூறு ரூபாய் மொய் வைத்த சேதி கணியூர் வரைக்கும் போய்விட்டது. மச்சான் ஒவ்வொருவரிடமும் போய் "மீட்டருங்க, மீட்டருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வழக்கமாகப் பேசுவதே அப்படித்தான் என்று யாரும் பொருட்படுத்தவில்லை.

இப்போது அந்த ஜவுளிக்காரர் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். மொய்யைத் திருப்பணும். துணியாகக் கொடுப்பதா, பணமாகவா? பணம் என்றால் எந்த நாள் விலை? அந்தத் துணி கூலி ஏறுவதற்கு முந்தி நெய்ததா, பொறகு நெய்ததா என்று மச்சானுக்குச் சந்தேகம். 15 சதவீத விவகாரம் ஆயிற்றே. பீஸின் முனையில் குறித்திருப்பார்கள், எடுத்துப் பார் என்றார் அக்காவிடம்.

அக்கா அதற்குள் அந்த நூறு மீட்டரையும் தலையணை உறையாகத் தைத்து, கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போன ஒறம்பரைக்கெல்லாம் கொடுத்து முடித்திருந்தாள்.