ஐந்தாவது வட்டம்

குன்றக்குடி சண்முகநாதருக்கு ஆறு முகம், பன்னிரண்டு கை. இருந்தும் போதவில்லை. பங்குனி உத்திரக் காவடிக் கூட்டத்தைச் சமாளித்துவிடுவார். ஹால் டிக்கெட்டோடு படியேறி வரும் கூட்டம்தான் அவரையே திணறடிக்கிறது. 2025 ஜூலை 12 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வை எழுதியவர்கள் பதினொரு லட்சத்துக்கும் மேல். அறிவிப்பில் இருந்த இடம் 3,935. பிறகு கொஞ்சம் கூட்டினார்கள் என்றாலும், அறிவித்த கணக்குப்படி ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு வேலை, மிச்சப் பேருக்கு விபூதி.

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் வேலைகளுக்கான தேர்வு இது. கேட்கும் படிப்பு பத்தாம் வகுப்பு. எழுதுகிறவர்களோ பி.இ., எம்.எஸ்சி., அதற்கும் மேலே. நான்கு வருடம் இயந்திரவியல் படித்தவன் ஆறாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்தை மஞ்சள் மார்க்கரால் பூசிக்கொண்டிருக்கிறான். மருது சகோதரர்கள் திருப்பணி செய்த மலையின் அடிவாரத்திலேயே உட்கார்ந்து, திருச்சிப் பிரகடனம் 1801 என்று நூறாவது தடவை மனப்பாடம் செய்கிறான். மருதிருவர் அவனுக்கு இப்போது ஒன்றரை மதிப்பெண்.

டீக்கடைக்கு வந்தால் அங்கே ஒரு தேர்வு காத்திருக்கிறது.

“என்னப்பா, இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?”

“ஆமா மாமா, குரூப் 4-க்கு.”

“போன வருசமும் இதத்தானே சொன்ன? பேசாம எங்கயாச்சும் வேலைக்குப் போகலாம்ல?”

எங்கே என்று மாமாவும் சொல்லமாட்டார், மாமா ஓட்டுப்போட்டவரும் சொல்லமாட்டார்.

தேர்வாணையத்தின் விடைத்தாளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். ஐந்தாவது, ‘விடை தெரியவில்லை’. தெரியாவிட்டால் சும்மா விட்டுவிட முடியாது. தெரியாது என்று கருப்பு மையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் எந்த வட்டத்தை எத்தனை தடவை நிரப்பினோம் என்று எண்ணி அதையும் எழுத வேண்டும். தப்பினால் மதிப்பெண் போய்விடும். இருநூறு கேள்விக்கும் இப்படிக் கணக்கு ஒப்பிக்க வைக்கிற ஆணையத்திடம் நாம் நாலே நாலு கேட்போம். 2022 ஜூலை 24-ல் நடந்த குரூப் 4-க்கு முடிவு வர 2023 மார்ச் வரை ஏன் ஆயிற்று? பிள்ளைகள் ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டுக் கெஞ்சிய பிறகுதான் வரவேண்டுமா? 2023 பிப்ரவரி 25 குரூப் 2 முதன்மைத் தேர்வில் பதிவெண்கள் குளறுபடியாகி, தேர்வே தாமதமாகத் தொடங்கியதே, அதற்கு யாருக்கு மதிப்பெண் குறைத்தீர்கள்? அந்தத் தேர்வின் முடிவு 2024 ஜனவரிக்கு ஏன் போயிற்று? எல்லாவற்றுக்கும் ஐந்தாவது வட்டம்தான். பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தினால் கேட்டைச் சாத்துவார்கள். ஆணையம் மாதக்கணக்கில் பிந்தினால் ‘நிர்வாகக் காரணம்’.

இந்த வட்டம் எண்ணும் சடங்கே ஒரு களவுக்குப் பிறகு வந்ததுதான். 2019 செப்டம்பர் 1 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் கும்பலாக முன்னணி ரேங்க் வாங்கினார்கள். ராமநாதசுவாமியின் கருணை என்று நினைக்கலாம். காரணம் மறையும் மை. பேனாவில் எழுதியது கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். விடைத்தாள் வண்டியில் சென்னைக்குப் போகிற வழியிலேயே சரியான விடை ஏறிவிடும். 99 பேருக்கு வாழ்நாள் தடை. தேர்வாணையத்தின் பூட்டும் சீலும் காவலும் அந்த வண்டியில் எங்கே உட்கார்ந்திருந்தன?

அந்தக் கறை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேலும் தெறித்தது. 2023-ல் நில அளவர், வரைவாளர் பணியிடங்கள் ஆயிரத்துச் சொச்சத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் காரைக்குடி மையத்தில் எழுதியவர்கள் என்று செய்தி வந்ததும் மாநிலமே புருவம் உயர்த்தியது. ஒரே பயிற்சி மையத்தில் படித்தவர்கள் ஒரே ஊரில் எழுதியிருக்கலாம். தப்பு நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. ராப்பகலாகப் படித்துத் தேறியவன்கூட, “எவ்வளவு கொடுத்த?” என்ற கேள்வியை ஊரில் வாங்கிக்கட்டிக்கொண்டான். ஆணையம் இழந்த நம்பிக்கைக்கு அவன் அபராதம் கட்டினான்.

இதே குன்றக்குடியில்தான் காவி கட்டிய ஒருவர், மடத்துக்குள் உட்கார்ந்து திருவாசகம் மட்டும் ஓதாமல், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளை ஊருக்கு அழைத்துவந்து, மக்களைக் கூட்டி, கிராமத்திலேயே தொழில்களைத் தொடங்கினார். தவத்திரு குன்றக்குடி அடிகளார். வேலையில்லாத ஊரில் அருளுரை எடுபடாது என்று தெரிந்த துறவி. குன்றக்குடித் திட்டம் என்று நாடே பேசியது. ஒரு மடாதிபதிக்குத் தோன்றியது அதற்குப் பின் வந்த தொழில்துறை அமைச்சர்களுக்குத் தோன்றவில்லை போலும். அவர்கள் காலத்தில் வளர்ந்த ஒரே தொழில் கோச்சிங் சென்டர். வென்றவன் படம் ஃபிளெக்ஸில் சிரிக்கும். தோற்ற இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு ஃபிளெக்ஸ் இல்லை, ஃபீஸ் ரசீது உண்டு.

தோற்றவன் தன் மூளையைத்தான் நொந்துகொள்கிறான். ஆட்சிக்கு இதைவிட வசதி வேறென்ன? வேலை கொடுக்காதவன் குற்றவாளி இல்லை, படிக்காதவன்தான் குற்றவாளி என்று முந்நூறு குடும்பத்தை நம்பவைக்க ஒரு தேர்வு போதும்.

2021 சட்டமன்றத் தேர்தலில், காலியாக உள்ள மூன்றரை லட்சம் அரசுப் பணியிடங்களை நிரப்புவோம் என்று தேர்தல் அறிக்கையில் அச்சடித்தது திமுக. மறு வருடமே, 2022 அக்டோபரில், அரசு வேலையை வெளிமுகமைக்கு விடுவது பற்றி ஆராய அரசாணை 115. ஊழியர் சங்கங்கள் கொதித்ததும் பின்வாங்கல். அன்றைய எதிர்க்கட்சி கைதட்டத் தேவையில்லை. மறையும் மை அவர்கள் ஆட்சியில் ஓடியது.

அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் ஆரத்தி எடுக்காதீர்கள். எத்தனை இடம் காலி, எந்த மாதம் தேர்வு, எந்தத் தேதியில் முடிவு என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேனா மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.