வெளியே தெரியாத பிரேக்

பிரீமியர் பத்மினியை மாடிஃபை செய்யக் கிளம்புகிறவரின் பட்ஜெட், பாதிக்கு மேல் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளிலேயே கரைந்துவிடும். முதலில் அலாய் வீல், பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற சைலன்சர், மிச்சத்துக்கு டிக்கி நிறைய ஊஃபர். இன்ஜின் என்னவோ அதே 1089 சிசிதான்; 40 சொச்சம் குதிரைகள், அவற்றிலும் பாதிக்கு மூட்டுவலி. பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். அதை மாற்றலாமே என்றால், "சார், அது வெளியே தெரியாதே!" என்கிறார். நியாயம்தான். ஸ்டியரிங் தண்டில் இருந்த கியரைத் தரைக்கு இறக்கி, மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த முன்சீட்டை இரண்டு பக்கெட் சீட்டாக்கியாயிற்று. வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பதிவுச் சான்றில் ஏற்றச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை நினைவூட்டினேன். புதிதாக அடித்த கலரை ஆர்.சி.யில் ஏற்றக் காசில்லையாம். பானெட்டில் தீ ஜுவாலை ஸ்டிக்கருக்கு இருந்தது.